1847இல் கொடுத்தது நவஹோ மக்கள் அல்ல
1847இல் அயர்லாந்தில் பஞ்சம் வந்தபோது அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்கள் செய்த உதவிக்கு நன்றியாக ஐரிஷ்காரர்கள் அனுப்பிய பணம்தான் கொரோனாவில் நவஹோ மக்களைக் காப்பாற்றியது என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லை. அன்று அயர்லாந்துக்கு 170 டாலர் அனுப்பியவர்கள் சோக்டா என்ற இன்னொரு அமெரிக்கப் பழங்குடி மக்கள், அதுவும் சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டு, வழியெங்கும் ஆட்களைப் பறிகொடுத்து நடந்து இருபது வருடம்கூட ஆகாத நேரத்தில், நினைத்தாலே மனசு கனக்கிறது.

அப்புறம், நவஹோ மக்களுக்கான கொரோனா நிவாரணத்தை நடத்தியவர்கள் வெளியாட்கள் இல்லை. நவஹோ தேசம் என்ற அவர்களுடைய தன்னாட்சிப் பகுதியின் முன்னாள் அட்டர்னி ஜெனரல் (தலைமை அரசு வழக்கறிஞர்) எத்தல் பிரான்ச் மார்ச் 2020இல் நிதி திரட்டத் தொடங்கினார். குழாய்த் தண்ணீர்கூட இல்லாத வீடுகளில் இருந்த முதியவர்களுக்கு ஊர்க்காரர்களே உணவும் தண்ணீரும் கொண்டுபோனார்கள். இந்த உறவுப் பொறுப்பை அவர்கள் மொழியில் 'கே' என்பார்கள். சோக்டா மக்களின் உதவியை நினைத்து ஐரிஷ்காரர்கள் அனுப்பிய நன்கொடைகள் மே மாதம் குவிந்தது உண்மை, ஆனால் அதற்குள் வேலை ஓடிக்கொண்டிருந்தது.