டிஸ்கவுண்ட் கேக்கறது பிச்சை இல்லைங்க

நம்ம குரூப்ல ஓடிட்டிருக்கற அந்தப் பதிவப் பத்தித்தான். லிங்க் போடல, எல்லாரும் பாத்திருப்பீங்க. ஃபயர் டிபார்ட்மென்ட் டீ-ஷர்ட் போட்ட ஒருத்தர் பில் போடற இடத்துல "ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் டிஸ்கவுண்ட் இருக்கா"ன்னு கேட்டாராம் (இங்க அமெரிக்காவுல தீயணைப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ்னு ஆபத்துக்கு முதல்ல ஓடி வர்றவங்களுக்கு கடைங்க தர்ற தள்ளுபடி), பின்னாடி லைன்ல நின்ன நம்மாளுக்கு அது கேவலமா பட்டுச்சாம். "கவர்மெண்ட் சம்பளமும் வாங்கிட்டு பத்து பர்சன்ட்டுக்கு கையேந்தறாங்க"ன்னு எழுதியிருக்கார். கீழ வரிசையா சிரிப்பு எமோஜி, அதுல எனக்குத் தெரிஞ்சவங்களும் இருக்காங்க.

கையேந்தறதா? குடுக்கறேன்னு கடையே எழுதி ஒட்டியிருக்கு. அத கேட்டா எப்படிங்க கையேந்தறது ஆகும்? நாம கூப்பன் தேடறோம், பிளாக் ஃப்ரைடேக்கு குளிர்ல போய் வரிசைல நிக்கறோம், அப்போ யாரும் நம்மள பிச்சைக்காரன்னு சொல்லல. கடைக்காரன் தரேன்னு சொன்னத கேக்கறது பிச்சை இல்ல, அவ்ளோதான்.

அந்த "சம்பளம்"தான் எனக்கு ரொம்ப வலிச்சுது. 2020 கணக்குப்படி அமெரிக்காவுல பத்து லட்சத்துக்கு மேல ஃபயர்ஃபைட்டர்ஸ், அதுல சுமார் 65 சதவீதம் பேர் வாலண்டியர்ஸ். பென்சில்வேனியாவுல, நாங்க இருக்கற பக்கம், ஸ்டேஷன் நடக்கறதே அவங்களாலதான். புது வண்டி வாங்கணும்னா சிக்கன் பார்பெக்யூ போட்டு, பிங்கோ விளையாட்டு நடத்தி காசு சேக்கறாங்க. எங்க வீட்டுக்காரர் அதுல ஒருத்தர். பகல்ல ஐடி வேலை, ராத்திரி தலைமாட்டுல தீ அழைப்பு வர்ற பேஜர். இதுல எந்த சம்பளத்தச் சொல்றீங்க?

போன குளிர்காலத்துல பக்கத்து டவுன்ல ஒரு வீடு பத்திக்கிச்சு. கோட்டு, மாஸ்க், சிலிண்டர்னு இருபது கிலோவுக்கு மேல மாட்டிக்கிட்டு உள்ள போய்ட்டு விடியக்காலைல வந்தார். தலைக்கு ஷாம்பு போட்டு குளிச்சும் காது மடலுக்குப் பின்னாடி கரி அப்படியே இருந்துச்சு, மூக்கு சிந்தினா டிஷ்யூ கருப்பா வருது. தலகாணி உறைய எடுத்து துவைச்சேன், புகை நாத்தம் போகல, தூக்கிப் போட்டுட்டேன். அவர் ஒரு காபி குடிச்சுட்டு ஆபீஸ் மீட்டிங்ல உக்காந்துட்டார். அந்த வீட்டுக்காரங்க பேரு கூட அவருக்குத் தெரியாது.

கியர் ஸ்டேஷன்ல குடுப்பாங்க. ஆனா நல்ல டார்ச், கூடுதல் கிளவுஸ், ஸ்டேஷன் ஷூ, உள்ள போடற சட்டைன்னு எங்க கைக்காசுதான் போகுது. அதுல பத்து பர்சன்ட் குறைஞ்சா எங்களுக்கு அது காசுதான். அவர் கேக்க கூச்சப்படுவார், நான்தான் கேப்பேன், இனியும் கேப்பேன். ஆன்லைன்ல வாங்கினா ஐடி.மீ மாதிரி அடையாளம் சரிபாக்கற இடத்துல டிபார்ட்மென்ட் கார்டு ஏத்தி நிரூபிக்கணும், டீ-ஷர்ட்ட பாத்து யாரும் தூக்கிக் குடுத்துடறதில்ல.

"அப்போ நர்ஸு, டீச்சர் எல்லாம்?"னு கேப்பீங்க. தாராளமா குடுக்கட்டும், நிறைய கடைங்க குடுக்கவும் செய்யுது. "அந்தக் காச எங்க தலையிலதானே கட்டறாங்க"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். கொஞ்சம் நியாயம் இருக்கலாம்தான், ஆனா ஸ்டூடண்ட் டிஸ்கவுண்ட், சீனியர் டிஸ்கவுண்ட், மெம்பர் கார்டு எதுலயும் வராத கணக்கு இதுல மட்டும் ஏன் வருதுன்னு யோசிங்க. போலி கார்டு காட்டி ஏமாத்தறவன் இருக்கான்னு சொல்றவங்களுக்கு பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல.

இதுல ஓரமா நிக்கற இன்னொரு கூட்டம் அவசர உதவி நம்பர் 911ல போன் எடுக்கறவங்க. குழந்தை மூச்சு விடலன்னு அம்மா கத்தறப்போ, நெஞ்ச எப்படி அழுத்தணும்னு போன்லயே சொல்லிக் குடுக்கறது அவங்கதான். ஆனா அமெரிக்க மத்திய அரசோட 2018 வேலை வகைப்பாட்டுல அவங்க இருக்கறது ஆபீஸ் உதவி வேலைகள் வரிசைல, செகரட்டரி, கிளர்க் கூட. கடைகளோட லிஸ்ட்லயும் அவங்க பேர் சில இடத்துல இருக்கும், சில இடத்துல இருக்காது.

சரி, டிஸ்கவுண்ட விடுங்க. 2022ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, தீயணைப்பு வேலைய, மனுஷனுக்கு கேன்சர் வரவைக்கும்னு உறுதியான விஷயங்களுக்கான முதல் வகுப்புல போட்டுடுச்சு. 2001 செப்டம்பர் 11, இரட்டைக் கோபுரம் இடிஞ்ச அன்னைக்கு நியூயார்க் தீயணைப்புத் துறைல 343 பேர் செத்தாங்க. அந்தப் புழுதியையும் புகையையும் சுவாசிச்சதால வந்த நோய்ல அதே துறைல செத்தவங்க எண்ணிக்கை 2023ல அதே 343ஐத் தொட்டுடுச்சு. எங்க வீட்டுல அந்தக் கருப்பு டிஷ்யூவ குப்பைல போட்டப்போ எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. ஃபயர்ஃபைட்டருக்கு கேன்சர் வந்தா அது வேலையால வந்ததுன்னு ஏத்துக்கற சட்டம் பல மாநிலத்துல இருக்கு, ஆனா எந்தெந்த கேன்சர், எத்தன வருஷ சர்வீஸ், வாலண்டியருக்கு உண்டா இல்லையா, எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேற வேற. நோய் வந்தப்புறம் பேப்பரத் தூக்கிக்கிட்டு அலையணும்.

அந்தப் பத்து பர்சன்ட்ட நீங்களே வெச்சுக்கங்க. வருஷா வருஷம் இவருக்கு ஒரு முழு கேன்சர் செக்கப் பண்ணணும், இன்சூரன்ஸ் எல்லா டெஸ்ட்டுக்கும் குடுக்கறதில்ல, மிச்சத்த நாங்கதான் கட்டறோம். அத யார் கட்டணும்னு அதே பதிவுக்குக் கீழ எழுதுங்க, வந்து படிக்கறேன்.