தின்னரில் துடைத்தால் போதுமா?

"பிளாஸ்மா சுடர் 10,000 டிகிரிக்கு மேல், உலோகம் உருகித் தானாக ஒட்டிக்கொள்ளும், தின்னரில் துடைத்துவிட்டு அடித்தால் போதும்" என்று பிளாஸ்மா ஸ்ப்ரே கோட்டிங் (தூளைச் சுடரில் உருக்கி ஷாஃப்ட் போன்ற பாகத்தின் மேல் அடிக்கும் பூச்சு) பற்றி மேலே எழுதிய அண்ணனுக்கு: சூட்டுக் கணக்கு சரி, முடிவுதான் தப்பு.

உருகுவது தூள்தான், ஷாஃப்ட் இல்லை. ஷாஃப்டைப் பொதுவாக 150 டிகிரி அளவில்தான் வைத்திருப்போம். உருகிய துளி மோதி, தோசை மாவு போலப் பரவி, கண் இமைப்பதற்குள் உறைந்துவிடும். மேடுபள்ளத்தைக் கவ்வித்தான் பெரும்பாலும் நிற்கிறது. வழவழப்பில் எதைக் கவ்வும்?

பினாங்கின் பிறை ஊரில் ஒரு மழைநாளில் பிளாஸ்ட் செய்த (கிரிட் என்னும் கூரான துகளைக் காற்றில் வீசிச் சொரசொரப்பாக்கிய) பம்ப் ஷாஃப்டை மறுநாள்தான் கோட்டிங் செய்தோம். கிரைண்டிங்கில் ஓரம் அப்பளம் மாதிரிப் பெயர்ந்தது. அடியில் மெல்லிய பழுப்புத் துரு. பினாங்கு ஈரக்காற்றில் சில மணி நேரமே அதிகம்.

முதலில் எண்ணெயை நீக்குங்கள், அப்புறம்தான் அலுமினா கிரிட் பிளாஸ்ட். வரிசை மாறினால் எண்ணெயையும் சேர்த்து உள்ளே அடித்து ஏற்றுவீர்கள். கிரிட்டை வீசும் கம்ப்ரசர் காற்றை வெள்ளைத் துணியில் பிடித்துப் பாருங்கள், கறை விழுந்தால் நிறுத்துங்கள். அளவுக்கு மீறி பிளாஸ்ட் செய்தாலும் கிரிட் துணுக்குகள் புதைந்து பிடிப்பு குறையும்.

மாலிப்டினம், நிக்கல்-அலுமினியம் போன்ற சில தூள்கள் வழவழப்பிலும் ஓரளவு ஒட்டும். அண்ணன் பார்த்தது அதுவாக இருக்கலாம்.