ஆலய முற்றத்தில் கொஞ்சம் மண் மிஞ்சட்டும்

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ ஆலயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முற்றத்து மண்ணை மூடி இன்டர்லாக் கல் பதித்துக்கொண்டிருக்கின்றன. மழைக்குச் சேறு இருக்காது, கார் நிறுத்தலாம், கல்யாணத்துக்குப் பந்தல் போட வசதி என்கிறார்கள். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனாலும் எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது.

எங்கள் குமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் வீடு என்றாலே தோட்டத்துக்கு நடுவில் இருப்பதுதான். தென்னை, பலா, மட்டி வாழை, அவற்றின் நிழலில் சேனையும் காய்ச்சில் கிழங்கும், மரத்தில் படர்ந்த நல்லமிளகு. அந்த இடத்தையெல்லாம் வாசல்வரை வந்து ரப்பர் பிடித்துவிட்டது. விளைச்சலை ஆண்டவருக்குக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு மார்த்தாண்டம் சந்தையில் குலை வாங்கிக்கொண்டு வந்து ஆலயத்தில் ஏலத்துக்கு வைக்கிற வீடுகளை நான் பார்க்கிறேன். காணிக்கையில் குறை சொல்லவில்லை. தன் கையால் வளர்த்த ஒன்றைக் கொண்டுவந்து வைக்கும் மகிழ்ச்சி அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகிறதே என்பதுதான் என் வருத்தம்.

லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் வரும் அத்திமர உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷமாகக் கனி காணாத எஜமான் மரத்தை வெட்டச் சொல்கிறான். தோட்டக்காரன் இன்னும் ஒரு வருஷம் தவணை கேட்கிறான். இந்தப் பகுதியில் நான் கேட்ட பிரசங்கங்களில் பெரும்பாலானவை 'நீ கனியற்ற மரமா?' என்று பயமுறுத்துவதோடு முடிந்துவிடும். அந்தத் தோட்டக்காரனின் கைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவன் தவணை கேட்டதோடு நிற்கவில்லையே! சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்று பொறுப்பும் ஏற்கிறான். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையை எதிர்பார்த்துத் தென்னைக்குச் சுற்றிலும் வட்டமாகக் குழித்துத் தடம் எடுத்து, சாம்பலும் சாணியும் தழையும் போட்டு மூடியவர்களுக்கு அது எப்படிப்பட்ட வேலை என்று தெரியும். முதுகு ஒடிந்துவிடும். ஒருவருக்காகப் பரிந்து ஜெபிப்பது என்றால் அவருக்காகக் குனிந்து கொத்துவதும் அதற்குள் அடக்கம் என்று எனக்குப் புரியவைத்தது தென்னைதான்.

தென்னை இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. அதன் பாளை குருத்துக்குள் உருவாகத் தொடங்கி, வெளியே வந்து வெடிக்க ஏறக்குறைய இரண்டரை ஆண்டு ஆகும். அதற்குப் பிறகு காய் முற்ற இன்னும் ஓர் ஆண்டு. அதனால் இன்று போட்ட எருவின் பலன் முழுவதும் இந்த வருஷக் காயில் தெரியாது. இன்றைக்குக் குரும்பை உதிர்கிறது என்றால், என்றைக்கோ வந்துபோன வறட்சியும் அதற்குக் காரணமாக இருக்கலாம். மேலே பார்த்துவிட்டு 'இது கொடாத மரம்' என்று தீர்ப்புச் சொல்வது எவ்வளவு அவசரம்!

இதைச் சபையில் பொருத்திப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. குடியை விட்டுவிட்டு ஓர் இளைஞன் திரும்பி வருகிறான். அடுத்த மாதமே அவனைச் சாட்சி சொல்ல மேடையேற்றுகிறோம். மறுபடி சறுக்கினால், 'அப்போதே தெரியும்' என்கிறோம். ரப்பர் கன்றை நட்டுவிட்டுப் பால் வெட்ட ஏழு வருஷம் முணுமுணுக்காமல் காத்திருக்கிற ஊர் இது. அந்தப் பொறுமையில் கால்வாசியைக்கூட மனிதர்களுக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறோம். அவனுடைய சிறுவயது வறட்சி எத்தனை வருஷத்துக்கு முந்தையது என்று யார் விசாரித்தார்கள்?

விதைக்கிறவன் ஒருவன், அறுக்கிறவன் ஒருவன் என்று ஆண்டவர் சொன்னதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. இந்தப் பகுதி அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூருக்குள் 1806-ல் வந்த மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடியை மையமாக வைத்து ஊழியம் செய்தார். அங்கே ஆலயம் எழுந்தது 1809-ல். உடல்நலம் கெட்டு 1816-ல் கப்பலேறிப் போனவர் என்ன ஆனார் என்றே தெரியவில்லை, கல்லறையும் இல்லை. 1818-ல் அடுத்த மிஷனரியான மீட் ஐயர் வந்தபிறகுதான் சபைகள் பெருகின. தான் நட்டது தழைத்ததை ரிங்கல்தௌபே பார்க்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் எண்ணிக்கை கேட்டு அறிக்கை வாங்குகிற நாம், அவர் இன்று நம்மிடையே இருந்தால் அவரை எப்படி மதிப்பிடுவோம் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

மண்வெட்டி பிடிப்பது இழிவு என்ற எண்ணம் நம்மிடம் ஏன் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாததல்ல. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததே 1855-ல்தான். அடுத்தவன் வயலில் கூலியின்றி உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள், படித்து அந்த வரப்பைவிட்டு வெளியேறியதற்கு மிஷன் பள்ளிகள் காரணமாயின. 'நீ படி, மண்ணில் இறங்காதே' என்று சொன்ன தாய்மாருக்கு அப்படிச் சொல்ல முழு உரிமை இருந்தது. ஆனால் ஆதியாகமத்தில் ஆதாம் பாவம் செய்வதற்கு முன்பே தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வைக்கப்பட்டான். அந்த வேலை தண்டனையாக வந்ததல்ல. யாரும் அதட்டாமல், தன் விருப்பத்தோடு மண்ணைத் தொடும் சுதந்திரம் இன்று நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. அதை அவர்களிடமிருந்து பறிக்கவேண்டுமா?

தோட்டம் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் வாழையும் ரப்பரும் கூட்டங்கூட்டமாகச் சாய்ந்தன. சாய்ந்த வாழையின் கிழங்கிலிருந்து கன்று வந்தது. வெட்டப்பட்ட மரத்துக்கும் நம்பிக்கை உண்டு என்று யோபு சொன்னது அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் கடலுக்குப் போன மகன் திரும்பாத ஒரு தாயிடம் போய் வாழைக்கன்றைக் காட்டிப் பேச முடியாது. மனிதனோ இறந்தபின் எங்கே என்று அதே யோபு அடுத்தாற்போலவே கேட்டுவிடுகிறார். அந்த வீடுகளில் வாய்மூடி உட்கார்ந்திருப்பதுதான் ஊழியம்.

எங்கள் சபைக் கமிட்டியிடம் நான் கேட்கப்போவது பெரிதொன்றும் இல்லை. முற்றம் முழுவதையும் மூடவேண்டாம். மதிலோரமாக ஒரு பட்டை மண்ணை விட்டுவையுங்கள். இருக்கிற தென்னைகளின் தடத்தைக் கல்லால் அடைக்காதீர்கள். நாலு மூடு மட்டி வாழை நட்டு, ஜூனில் புதிய வகுப்பு தொடங்கும்போது ஓய்வுநாள் பள்ளி வகுப்புக்கு ஒரு மூடு என்று ஒப்படைத்துவிடலாம். குலை தள்ளுகிற வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு அந்தப் பிள்ளைகளே சுமந்து வரட்டும்.

உங்கள் ஆலயத்தில் ஏற்கெனவே இப்படி ஏதாவது நடக்கிறதென்றால், கோடை விடுமுறையில் பிள்ளைகள் இல்லாத நாட்களில் தண்ணீர் விடும் பொறுப்பை யாரிடம் கொடுத்திருக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். கமிட்டியில் முதல் கேள்வியாக அதுதான் வரும்.