எட்டு ஆட்டங்கள் ஃப்ளாக்கோவுக்கு, ஒன்பது ஆட்டங்கள் இளையவருக்கு

இதை நான் எழுதுவது 2025 ஆகஸ்டில். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் ஆடும் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணி இந்த 2025ஆம் ஆண்டுப் பருவத்தை வரும் செப்டம்பர் 7 அன்று சொந்த மைதானத்தில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியுடன் தொடங்குகிறது. ஆகஸ்ட் நடுப்பகுதி நெருங்கிவிட்டது. ஆனாலும் அன்றைக்குக் குவார்ட்டர்பேக்காக யார் இறங்குவார் என்பதைத் தலைமைப் பயிற்சியாளர் கெவின் ஸ்டெஃபான்ஸ்கி இன்னும் அறிவிக்கவில்லை. 40 வயதான ஜோ ஃப்ளாக்கோ, பிலடெல்ஃபியாவிலிருந்து வாங்கி வந்த கென்னி பிக்கெட், டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தெரிவு) 94ஆவதாக எடுக்கப்பட்ட டில்லன் கேப்ரியல், 144ஆவதாக எடுக்கப்பட்ட ஷெடூர் சாண்டர்ஸ் ஆகிய நால்வரும் அந்த ஓர் இடத்துக்குப் போட்டியிடுகிறார்கள். கடந்த பருவத்தில் 3 வெற்றி, 14 தோல்வி என்று முடித்த ஓர் அணிக்கு இது சாதாரணமான முடிவு அல்ல என்பதால், என் கருத்தைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன்.

அமெரிக்கக் கால்பந்தை அவ்வளவாகப் பார்த்திராத நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. தாக்குதலின்போது ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக்கின் கைக்குத்தான். அதை ஓடுபவரிடம் கொடுப்பதா, எறிவதா, எறிந்தால் யாருக்கு என்பதை அவர் இரண்டு மூன்று விநாடிகளுக்குள் முடிவு செய்தாக வேண்டும். அந்த இடம் சரியாக அமையாத அணியில் மற்ற எல்லாருடைய உழைப்பும் விழலுக்கு இறைத்த நீராகிவிடும்.

கிளீவ்லேண்டுக்கு அந்த இடம் அமையாமல் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. 1999இல் அணி மீண்டும் லீக்குக்குள் வந்த நாளிலிருந்து கடந்த பருவத்தின் இறுதி வரை 40 பேர் அங்கே தொடக்க ஆட்டக்காரர்களாக இறங்கியிருக்கிறார்கள். டிம் கவுச்சின் சட்டையை வாங்கிய ரசிகர் ஒருவர், அவருக்குப் பின்னால் வந்த ஒவ்வொரு குவார்ட்டர்பேக்கின் பெயரையும் ஒட்டுநாடாவில் எழுதி அந்தச் சட்டையின் முதுகில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிக்கொண்டே வந்தார். இடம் போதாமல் பட்டியல் விளிம்பு வரை இறங்கிய அந்தச் சட்டையின் படம் அமெரிக்கா முழுவதும் பரவியது. அதை வேடிக்கையாகப் பார்த்தவர்கள் பலர். எனக்கு அது வேதனையாகவே இருந்தது. ஏனென்றால் அந்தப் பெயர்களில் பலர் திறமை இல்லாதவர்கள் அல்லர். தயாராகும் முன்பே களத்தில் தள்ளப்பட்டவர்கள், அல்லது ஒரே ஒரு மோசமான ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காக ஓரங்கட்டப்பட்டவர்கள்.

கவுச்சையே எடுத்துக்கொள்வோம். 1999 டிராஃப்டில் முதல் தேர்வு அவர்தான். அனுபவசாலியான டை டெட்மர் பருவத்தைத் தொடங்குவார், கவுச் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்வார் என்பதே அணியின் திட்டமாக இருந்தது. முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க்கிடம் 43-0 என்று தோற்றார்கள்; அதோடு அந்தத் திட்டமும் முடிந்தது. இரண்டாம் வாரமே கவுச் தொடக்க ஆட்டக்காரராக்கப்பட்டார். புதிதாகக் கூட்டப்பட்ட, எறிபவரைப் பாதுகாக்கத் தெரியாத ஒரு தடுப்பு வரிசைக்குப் பின்னால் நின்று, அந்த ஒரே பருவத்தில் 56 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். 2017இல் டெஷோன் கைசருக்கு நேர்ந்ததும் இதே கதைதான். 21 வயதில் இறக்கிவிடப்பட்டார், நடுவில் உட்கார வைக்கப்பட்டார், மறுபடியும் இறக்கப்பட்டார். தொடங்கிய 15 ஆட்டங்களிலும் தோல்வி. எதிரணி பறித்த பந்துகள் 22. அணி ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாத அந்தப் பருவத்துக்குப் பிறகு அவரை வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

பொறுமை இழந்து செய்த பிழைகளில் மிகப் பெரியது 2022இல் நடந்தது. அணியைப் பிளேஆஃப் (பருவ இறுதியில் சிறந்த அணிகள் மட்டும் மோதும் சுற்று) வெற்றி வரை அழைத்துச் சென்ற பேக்கர் மேஃபீல்டை விட்டுவிட்டு, டெஷான் வாட்சனுக்காக டிராஃப்டின் முதல் சுற்றில் தேர்வு செய்யும் உரிமைகள் மூன்றை ஹூஸ்டன் அணிக்குத் தாரை வார்த்தார்கள். அதற்கு மேல் 23 கோடி டாலரை முழு உத்தரவாதத்துடன் எழுதிக் கொடுத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுடன் அவர்மீது வழக்குத் தொடுத்திருந்த நேரம் அது. அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். லீக் அவருக்கு 11 ஆட்டங்கள் தடை விதித்தது. அந்த நிலையில் அந்த ஒப்பந்தத்தைச் செய்தது விளையாட்டுக் கணக்குக்கு அப்பாற்பட்ட தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். மூன்று பருவங்களில் அவர் ஆடியது 19 ஆட்டங்கள். குதிகால் தசைநார் இரண்டு முறை அறுந்து இப்போது சிகிச்சையில் இருக்கிறார். உரிமையாளர் ஜிம்மி ஹாஸ்லமே கடந்த மார்ச்சில் அந்த முயற்சி பொய்த்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். மேஃபீல்டோ டாம்பா பேயில் நன்றாக ஆடிக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பின்னணியில்தான் நால்வரையும் எடைபோட வேண்டியிருக்கிறது.

ஃப்ளாக்கோ என்ன செய்வார் என்பது எல்லாருக்கும் தெரியும். 2023 நவம்பரில், எந்த அணியிலும் இல்லாமல் வீட்டில் இருந்தவரை அழைத்து வந்தார்கள். தொடங்கிய ஐந்து ஆட்டங்களில் நான்கை வென்று அணியைப் பிளேஆஃபுக்குக் கொண்டு சேர்த்தார். அதே ஃப்ளாக்கோ ஹூஸ்டனுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் எறிந்த இரண்டு பந்துகளை எதிரணி பறித்து நேராக டச்டவுனாக்கியது (பந்தை எல்லைக்கோட்டைக் கடந்து கொண்டு சேர்த்துப் புள்ளி எடுப்பதே டச்டவுன்). 45-14 என்று பருவம் முடிந்தது. துணிந்து எறிவார், அதற்கான விலையையும் கொடுப்பார். இந்த வயதில் அந்தக் குணம் மாறப்போவதில்லை.

பிக்கெட் 2022இல் பிட்ஸ்பர்க் முதல் சுற்றில் எடுத்தவர். இரண்டு பருவங்களில் அவரால் அங்கே நிலைகொள்ள முடியவில்லை. பிலடெல்ஃபியாவில் மாற்று ஆட்டக்காரராக இருந்து சாம்பியன் மோதிரம் பெற்றார். நல்ல மாற்று ஆட்டக்காரர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருக்கு ஆட்டங்களைக் கொடுப்பதால் பிரவுன்ஸ் புதிதாகத் தெரிந்துகொள்ளப்போவது எதுவுமில்லை.

மீதி இருவரைப் பற்றித்தான் அணிக்குத் தெரிய வேண்டியது நிறைய இருக்கிறது. கேப்ரியல் ஹவாய்க்காரர், இடக்கையால் எறிபவர், உயரம் ஆறடிக்கும் குறைவு. மூன்று கல்லூரிகளில் ஆறு பருவங்கள் ஆடியவர் என்பதால் பந்து உரிய நேரத்தில் கையை விட்டுப் போகிறது. சாண்டர்ஸ் கொலராடோவில் கடந்த ஆண்டு எறிந்த பந்துகளில் 74 சதவீதத்தைச் சரியாகக் கொண்டு சேர்த்தார். ஆனால் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு வழி தேடும் பழக்கமும் அவருக்கு உண்டு. அங்கே இரண்டு பருவங்களில் அவர் 94 முறை வீழ்த்தப்பட்டார். தடுப்பு வரிசையை மட்டும் குறை சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. ஆகஸ்ட் 8 அன்று கரோலினாவில் நடந்த, பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தில் பிக்கெட்டும் கேப்ரியலும் தொடைப் பின்தசைக் காயத்தால் ஒதுங்கியிருக்க, வாய்ப்புப் பெற்ற சாண்டர்ஸ் 23இல் 14 பந்துகளைக் கொண்டு சேர்த்து, 138 யார்டுகளும் இரண்டு டச்டவுன்களும் எடுத்தார். அன்று இரவே, முதல் ஆட்டத்தையே அவருக்குக் கொடுக்க வேண்டும் என்ற குரல் எழுந்துவிட்டது.

அந்தக் குரலோடு என்னால் சேர முடியவில்லை. காரணம் அட்டவணையிலேயே இருக்கிறது. பெங்கால்ஸுக்குப் பிறகு பால்டிமோர், கிரீன் பே, டெட்ராய்ட், இலண்டனில் மினசோட்டா, பிட்ஸ்பர்க் என்று வரிசையாக வரும் ஐந்து அணிகளும் கடந்த பருவத்தில் பிளேஆஃபுக்குப் போனவை. முகாமில் முதல் வரிசை ஆட்டக்காரர்களோடு சாண்டர்ஸுக்குக் கிடைத்திருக்கும் பயிற்சியோ மிகக் குறைவு. பந்தைப் பிடிப்பவரான ஜெர்ரி ஜூடி பன்னிரண்டு யார்டு ஓடித் திரும்புவதற்கு முன்பே பந்து எறிபவரின் கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். அவர் திரும்பியதைப் பார்த்துவிட்டு எறிந்தால் பந்து எதிரணியின் கைக்குப் போகும். இந்த ஒத்திசைவு ஒரே ஆட்டக்காரரோடு நூற்றுக்கணக்கான முறை எறிந்தால் மட்டுமே வரும். நால்வருக்குப் பங்கு வைத்தால் ஒருவருக்கும் வராது.

ஆகவே எட்டாம் வாரம் வரை ஃப்ளாக்கோ ஆடட்டும். ஒன்பதாம் வாரம் அணிக்கு ஓய்வு. அதற்குப் பின் மீதமுள்ள ஒன்பது ஆட்டங்களையும் இளையவர் ஒருவரிடம் முழுமையாகக் கொடுக்க வேண்டும். நியூயார்க் ஜெட்ஸ், லாஸ் வேகாஸ், டென்னஸி போன்ற, கடந்த ஆண்டு தடுமாறிய அணிகள் அந்தப் பகுதியில்தான் வருகின்றன. ஃப்ளாக்கோ முதல் இரண்டு ஆட்டங்களில் படுதோல்வி அடைந்தாலும் இந்தத் தேதி முன்னே வரக் கூடாது. மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றாலும் பின்னே தள்ளப்படக் கூடாது. அதுபோல, இறங்கும் இளையவர் ஒரே ஆட்டத்தில் மூன்று பந்துகளை எதிரணிக்குக் கொடுத்தாலும், அடுத்த வாரமும் அவரே தொடங்க வேண்டும். அந்த இருவரில் என் சாய்வு சாண்டர்ஸ் பக்கம். அவருடைய எறியில் உள்ள துல்லியம் கற்றுக்கொடுத்து வருவதல்ல, சீக்கிரம் பந்தை விடுவதைக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

ஃப்ளாக்கோ வென்றுகொண்டிருக்கும்போது அவரை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பவர்களின் உணர்வு எனக்குப் புரிகிறது. எதிரணியின் தாக்குதலை முறிக்கும் மைல்ஸ் காரெட் போன்ற ஒரு தடுப்பாட்டக்காரரின் சிறந்த ஆண்டுகள் வீணாகின்றனவே என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. 2014இலிருந்து தடுப்பு வரிசையில் இடப்பக்கக் காவலராக நிற்கும் ஜோயல் பிட்டோனியோவை நினைத்தாலும் மனம் கனக்கிறது. ஒரு வெற்றியோடு முடிந்த பருவத்தையும், ஒரு வெற்றிகூட இல்லாத பருவத்தையும் தாண்டி, யார் யாருக்கோ அரணாக நின்றவர் அவர். ஆனால் ஜாக்சன்வில் அணியோடு செய்த பரிமாற்றத்தால் 2026 டிராஃப்டின் முதல் சுற்றில் அணிக்கு இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. அவற்றைக் குவார்ட்டர்பேக்குக்காகச் செலவிடுவதா, தடுப்பு வரிசைக்காகச் செலவிடுவதா என்பதை அடுத்த ஏப்ரலில் முடிவு செய்தாக வேண்டும். கையில் இருக்கும் இளையவர் தேறுவாரா என்பது ஒன்பது முழு ஆட்டங்கள் ஆடாமல் தெரியாது. ஃப்ளாக்கோ கூடுதலாக வென்று தரும் இரண்டு ஆட்டங்கள் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகா.

இதன் முதல் படியை இந்த வாரமே எடுத்துவிடலாம். ஃப்ளாக்கோவின் பெயரை இப்போதே அறிவித்துவிட்டு, முதல் வரிசையின் பயிற்சியில் பாதிக்கு மேல் அவருக்கும் மீதியை இளையவர்களுக்கும் ஒதுக்க வேண்டும். பிக்கெட்டுக்கு வேறு அணியிலிருந்து ஒரு டிராஃப்ட் தேர்வு கிடைக்குமானால் தயங்காமல் கொடுத்துவிடலாம். சனிக்கிழமை பிலடெல்ஃபியாவில் நடக்கும் பயிற்சி ஆட்டத்தில், உடல் தகுதியோடு இருந்தால், கேப்ரியலும் சாண்டர்ஸும் ஆளுக்கு ஒரு பாதி ஆடட்டும், இருவரும் ஒரே தடுப்பு வரிசைக்குப் பின்னால்.