உங்கள் நிலம் எங்கே இருக்கிறது?

அந்த அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். சாப்பாடு முடிந்து, சிரட்டையில் காப்பி இலைக் கஷாயம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "உங்கள் நிலம் எங்கே இருக்கிறது?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீடு எங்கே, வேலை எங்கே என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இந்தோனேசியாவில், மேற்கு சுமத்ராவின் தானா டத்தார் மாவட்டத்தில், மராப்பி எரிமலையின் சரிவில் இருக்கும் நெல் ஊர் அது. அங்கே வாழும் மினாங்கபாவ் மக்கள் தங்கள் ஊரை 'நகரி' என்றே சொல்கிறார்கள். என்னோடு பல வருடம் வேலை செய்த தோழியின் அம்மா பிறந்த ஊர். தோழி பிறந்து வளர்ந்தது எல்லாம் மலேசியாவில், எங்கள் சிரம்பானில். அம்மா தவறிய பிறகு ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று துடித்தாள். துணைக்கு நான் போனேன். 2024 ஜூன் மாதம்.

பயணமே ஒரு பாடு. கோலாலம்பூரிலிருந்து பாடாங்குக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முந்தின மாதம், மே 11 இரவு, எரிமலைச் சாம்பலும் பாறையும் மழை வெள்ளத்தோடு இறங்கி 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தது. லெம்பா அனாய் பள்ளத்தாக்குச் சாலை துண்டாகியிருந்தது. அதனால் சோலோக் வழியாகச் சுற்றினோம். அங்கே வாடகை வேனை 'டிராவல்' என்கிறார்கள். வீட்டு வாசலில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்கள். சித்திஞ்சாவ் லாவிக் மலை வளைவில் லோரிகள் ஒன்றின் பின் ஒன்றாக முனகிக்கொண்டு ஏற, எதிரே வரும் வண்டிகளை நிறுத்தி வழிவிட ஊர்ப் பையன்கள் கை காட்டிக்கொண்டு நின்றார்கள். ஊர் போய்ச் சேர ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. சாலையே இப்படி என்றால் இந்த மக்கள் ஏன் இன்னும் இங்கே இருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

போய் இறங்கியதும் அந்த அம்மா, தோழியின் அம்மாவுக்குத் தங்கை, தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக வரப்புக்கு அழைத்துப் போனார். மூன்று பாத்தி காட்டினார். "இது உன் அம்மாவின் கைப்பிடி. இப்போது உனக்கும் உன் மகளுக்கும். நீ இல்லாததால் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். வாழ்நாளில் அந்த ஊரை மிதிக்காதவளுக்கு! தோழி வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அவர்களுடைய முறை இது. பூர்வீக வயலும் வீடும் தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தம். அம்மாவிடமிருந்து மகள்களுக்குப் போகும். ஒவ்வொரு பெண்ணின் குடும்பத்துக்கும் ஒரு பகுதியைப் பயிரிட்டுச் சாப்பிடப் பிரித்துக் கொடுப்பார்கள். அனுபவிக்கலாம், விற்க முடியாது. தாயின் சகோதரர் மேற்பார்வை செய்வார். அவரை அவர்கள் 'மாமா' என்பதற்கு மிக அருகில் 'மாமாக்' என்றுதான் அழைக்கிறார்கள். அவர் பிள்ளைகளுக்கு அந்த நிலத்தில் பங்கு இல்லை, அவர்களுக்கு அவர்களுடைய அம்மா வீட்டு நிலம் இருக்கிறது. சம்பாதித்து வாங்கிய சொத்து வேறு கணக்கு. 1952-இல் புக்கிட்டிங்கி நகரில் இஸ்லாமிய அறிஞர்களான உலமாக்களும் குலத் தலைவர்களும் கூடிப் பேசி, பூர்வீகச் சொத்துக்கு வழக்கமுறை, சுயசம்பாத்தியத்துக்கு இஸ்லாமிய வாரிசு முறை என்று தீர்த்துக்கொண்டார்கள்.

பூர்வீக நிலத்தை அடகு வைக்கவே நான்கு காரணங்களுக்குத்தான் அனுமதி. வீட்டு நடுவில் பிணம் கிடந்து எடுக்கப் பணம் இல்லை என்றால். வயது வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றால். குலத்துக்குப் பொதுவான பெரிய வீட்டுக் கூரை ஒழுகினால். விழுந்துபோன குலத் தலைவர் பட்டத்தை மறுபடி தூக்கி நிறுத்த வேண்டும் என்றால். வியாபார முதல் இந்தப் பட்டியலில் இல்லை.

அதுதான் அன்று இரவு சண்டை. பெக்கான்பாருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அதே குலத்துப் பையன் ஒருவன் வந்திருந்தான். கடையைப் பெரிதாக்க வங்கிக் கடன் வேண்டும், அதற்கு வயலுக்குத் தன் பெயரில் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்றான். 2017 முதல் அரசு நாடு முழுக்க நிலங்களை மொத்தமாக அளந்து பதிந்து சான்றிதழ் கொடுத்து வருகிறது. இப்போது எடுப்பது சுலபம். அவன் கெட்டவன் கிடையாது. பதினேழு வயதில் ஊரைவிட்டுப் போனவன். ஆண் பிள்ளை வெளியூர் போய்ப் பிழைத்து ஆளாக வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். பெரிய வீட்டில் அறைகள் எல்லாம் பெண்களுக்கு. பையன்கள் அந்தக் காலத்தில் தொழுகைக் கூடத்தில்தான் படுப்பார்கள். கல்யாணமானாலும் மனைவி வீட்டில் கணவன் 'மரக்கட்டை மேல் சாம்பல்' மாதிரி, ஊதினால் போய்விடும் என்று ஒரு பழமொழியே உண்டு. இந்த வலியை நான் சின்னதாக நினைக்கவில்லை. அவன் குரல் உடைந்துதான் பேசினான்.

அந்த அம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை. "கடை நொடித்தால் நீ எங்கே வருவாய்?" என்று மட்டும் கேட்டார்.

இதைப் படிக்கும் பலர் பையன் பக்கம் நிற்பீர்கள் என்று தெரியும். விற்க முடியாத, வங்கியில் வைக்க முடியாத நிலம் செத்த முதல் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். எல்லாருடைய சம்மதமும் வேண்டும் என்பதால் எதுவும் நகராது என்கிறார்கள். உண்மை இருக்கிறது. பாடாங்–பெக்கான்பாரு விரைவுச்சாலைக்கு நிலம் எடுப்பது ஆண்டுக்கணக்கில் இழுத்தது. குலத்துக்குள்ளேயே வழக்குப் போட்டுக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு.

ஆனாலும் நான் அந்த அம்மா பக்கம்தான். காரணம் என் சொந்தக் கதை.

என் தாத்தா, அப்பா, இரண்டு பேரும் நெகிரி செம்பிலானில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார்கள். நான் பிறந்தது லயத்து வீட்டில். ஒரு நாள் தோட்டம் கைமாறியது. புது நிர்வாகம் மரத்தைச் சாய்த்துச் செம்பனை வைத்தது. இரண்டு தலைமுறை வேர்வை சிந்திய மண்ணிலிருந்து நாங்கள் ஒரு லோரியில் இறங்கினோம். கோயில் சாமியையும் அதே லோரியில்தான் ஏற்றினோம். பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். எங்கள் தோட்டம் அதில் வரவில்லை. தனியாக ஒவ்வொருவரும் ஏழை, கூட்டாக இருந்தால் நிலம் கையில் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த நகரியின் பாட்டிகளுக்கும் அது தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் யோசியுங்கள். இந்தோனேசியாவின் 1960 விவசாய நிலச் சட்டப்படி குடிமக்கள் மட்டுமே நிலத்துக்கு முழு உரிமையாளராக முடியும். வயலை ஒற்றை ஆள் பெயரில் எழுதிய அன்றே, மலேசிய கடப்பிதழ் வைத்திருக்கும் என் தோழி கணக்கிலிருந்து விழுந்துவிடுவாள். குலத்தின் நினைவில் இருக்கும்வரைதான் அவளுக்கு மூன்று பாத்தி. சான்றிதழே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுத்தால் குலம் முழுவதற்குமாக எடுங்கள், பெண்கள் பெயர் முன்னால் இருக்கட்டும்.

எங்கள் மாநிலத்திலும் இதே வழக்கம் வந்தது. ரெம்பாவ், கோலாப்பிலா பக்கம் மினாங்கபாவ் வம்சத்தார் கிராமங்களில் பெண்கள் பெயரில் இன்றும் அந்த நிலங்கள் இருக்கின்றன. 1909-இலேயே அதற்குத் தனிச் சட்டம் போட்டார்கள். ஆனால் பல வயல்கள் புல் மண்டிக் கிடக்கின்றன. பதிவேட்டில் பெயர் இருந்தும் உழ ஆள் இல்லை. அந்தப் பையன் சொன்னதில் எனக்குப் பயம் தந்த ஒரே விஷயம் இதுதான்: "எல்லாரும் வெளியே போய்விட்டோம், யார் நடுவது?" இதற்கு அந்த அம்மாவிடமும் பதில் இல்லை. இப்போதைக்குப் பக்கத்து வீட்டார் விளைச்சலில் பாதிக்குப் பாதி பங்குக்குப் பயிரிடுகிறார்கள்.

மறுநாள் சுருவாசோ என்ற ஊர்ப் பக்கம் போனபோது ஒரு பெரியவர், அங்கே 14ஆம் நூற்றாண்டில் ஆதித்தியவர்மன் என்ற அரசன் காலத்துக் கால்வாய் பற்றிப் பாறையில் கல்வெட்டு உண்டு, அதில் ஒரு பகுதி தென்னிந்தியக் கிரந்த எழுத்து என்றார். நம் எழுத்துக்கு உறவான எழுத்தில், தண்ணீர் கொண்டுவந்த கதை! வாய்க்கால் ஓரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

கிளம்பும்போது அந்த அம்மா ஐந்து கிலோ அரிசி கட்டிக் கொடுத்தார். ஒட்டாத, உதிரி உதிரியான அரிசி, நமக்குப் பிடிக்கிற மாதிரியே. "அன்பளிப்பு என்று நினைக்காதே, உன் பங்கு" என்று தோழியிடம் சொன்னார். தோழி இப்போது அடுத்த நோன்புப் பெருநாளுக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த முறை பன்னிரண்டு வயது மகளையும் கூட்டிப் போகிறாள். சின்னம்மா அந்தப் பிள்ளையை வரப்பில் நடத்திக் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறாராம், தன் கால் நடக்கும்போதே.