வாளையாறு தாண்ட 98 நாள்

கொரோனா கட்டுப்பாடுகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே நம்ம பக்கம் இரண்டு கட்சிதான். கேரளா பிரமாதமாகச் செய்தது என்பது ஒன்று. கேரளாவால் கேஸைக் குறைக்கவே முடியவில்லை, தமிழ்நாடுதான் சமாளித்தது என்பது இன்னொன்று. கேரளாவின் பாலக்காடு மாவட்ட எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் குடியிருந்துகொண்டு பொள்ளாச்சியிலும் கோயமுத்தூரிலும் வேலை பார்க்கிற தமிழர்களுக்கு இந்தப் பட்டிமன்றத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு அரசுகளின் விதிகளிலும் நியாயம் இருந்தது. இரண்டும் ஒரே ஆள்மேல் ஒரே நாளில் வந்து விழும் என்பதைத்தான் யாரும் கணக்குப் போடவில்லை.

கணக்கு என்று சும்மா சொல்லவில்லை. 2021 ஆகஸ்ட் 5 முதல் கேரளாவிலிருந்து தமிழ்நாட்டுக்குள் வர, 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் நெகட்டிவ் ரிப்போர்ட் வேண்டியிருந்தது. இல்லையென்றால் இரண்டு டோஸ் போட்டு 14 நாள் ஆனதற்கான சான்றிதழ் வேண்டியிருந்தது. படிக்கும்போது நியாயமாகத்தான் தெரியும். இப்போது தேதிகளைப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். ஆகஸ்ட் 5-க்கு 14 நாள் முன்னால் என்றால் ஜூலை 22. அன்றைக்குள் இரண்டாவது ஊசி போட்டிருக்க வேண்டும். கோவிஷீல்டுக்கு இடைவெளி 12 முதல் 16 வாரம் என்று மே 13-ல் மாற்றிவிட்டார்கள்; ஊசிப் பதிவுக்கான மத்திய அரசு இணையதளமான கோவின் 84 நாளுக்கு முன்னால் விடவில்லை. ஜூலை 22-லிருந்து 84 நாள் பின்னால் போனால் ஏப்ரல் 29. ஆனால் 18 முதல் 44 வயதுக்காரர்களுக்கு ஊசி திறந்ததே மே 1-ல்தான்!

அதாவது, அந்த விதி அமலுக்கு வந்த நாளில், மருத்துவ, முன்களப் பணியாளரோ வெளிநாடு போகிறவரோ அல்லாத 45 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவர், கோவிஷீல்டு போட்டு முறைப்படி அந்தச் சான்றிதழைக் கையில் வைத்திருக்க வழியே கிடையாது. கோவாக்சினுக்கு 28 நாள் இடைவெளி என்பதால் அது கிடைத்தவர்கள் தப்பித்தார்கள். ஆனால் நாட்டில் போட்ட ஊசியில் பெரும்பங்கு கோவிஷீல்டுதான். மில்லுக்கும் கட்டட வேலைக்கும் போகிற வயசு எது? அந்த வயசுக்குத்தான் கதவு இல்லை. ஜூன் மாதத்தில் முதல் ஊசி போட்டவருக்கு 84-ம் 14-ம் சேர்த்து 98 நாள். செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோதான் வாளையாறு செக்போஸ்ட்டைத் தாண்ட முடியும்.

மிச்சம் இருந்தது ஆர்டி-பிசிஆர். திங்கள் காலை மூக்கில் சளி மாதிரி எடுத்தால் ரிப்போர்ட் கைக்கு வர செவ்வாய் ஆகிவிடும். 72 மணி நேரம் ஓடத் தொடங்குவது மாதிரி எடுத்த நேரத்திலிருந்து. ரிப்போர்ட் வந்த நேரத்திலிருந்து அல்ல. இதைத் தெரியாமல் செக்போஸ்ட் வரை போய்த் திரும்பினவர்கள் உண்டு. வியாழன் காலை ரிப்போர்ட் செத்துப்போகும். ஆக, ஒரு டெஸ்டுக்கு நிஜமாக வேலைக்குப் போக முடிவது புதன் ஒரு நாள். ரிப்போர்ட் சீக்கிரம் வந்தால் இரண்டு நாள். தனியார் லேபில் கேரளா ஏப்ரல் கடைசியில் 1,700-லிருந்து 500 ரூபாய் ஆக்கியது. தமிழ்நாட்டில் மே மாதம் 900 ஆக்கினார்கள். 500 என்றே வைத்துக்கொண்டாலும் தினக்கூலியில் பாதி சளி மாதிரிக்கே போய்விடும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான், ஆனால் ரிப்போர்ட் தாமதமானால் இலவசமாக எடுத்ததும் வீண்.

84 நாள் இடைவெளியையே நான் குறை சொல்லவில்லை. இடைவெளி நீண்டால் பலன் கூடுகிறது என்று ஆய்வுத் தரவு இருந்தது; ஊசித் தட்டுப்பாடும் இருந்தது. ஆனால் வெளிநாடு போகிற மாணவர்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் ஒலிம்பிக் வீரர்களுக்கும் 28 நாளில் இரண்டாவது டோஸ் போட 2021 ஜூனிலேயே விலக்கு கொடுத்தார்கள். துபாய்க்கு விமானம் ஏறுகிறவனுக்கு 28, பொள்ளாச்சிக்கு பஸ் ஏறுகிறவனுக்கு 84. இது மருத்துவம் இல்லை, யார் சத்தம் டெல்லி வரை கேட்கிறது என்கிற விஷயம்.

இன்னொரு கூத்து. அதே ஆகஸ்ட் மாதம் கேரளாவில் கடைக்குள் போக ஒரு டோஸ் போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தால் போதும் என்று விதி. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில் மளிகைக் கடைக்குள் நுழைய ‘பாதுகாப்பான’ ஆள், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் ஆபத்தான ஆள்.

தமிழ்நாட்டுப் பக்கத்து பயமும் பொய் இல்லை. 2021 ஜூன்-ஜூலையில் மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் எடுத்த நான்காவது எதிர்ப்பாற்றல் கணக்கெடுப்பில் கேரளாவில் 44.4 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி, தமிழ்நாட்டில் 69.2. கேரளாவில் நோய் இன்னும் தொடாதவர்கள் அதிகம், அதனால் அலை அங்கே நீண்டது. ஓணத்தை ஒட்டி தினசரி எண்ணிக்கை 30,000 தாண்டியது. எனவே எல்லையில் ஏதோ ஒரு சோதனை தேவைதான். என் வாதம், தினம் காலை போய் சாயங்காலம் திரும்புகிற ஆளையும் ஓணம் முடித்து ஊர் திரும்புகிற ஆளையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கக் கூடாது என்பது. போடி, கம்பம் பக்கத்திலிருந்து ஜீப்பில் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்களுக்கும் இதே கதைதான், திசை மட்டும் எதிர்.

ஊசி விநியோகத்துக்கு வருவோம். இதில் கேரளாவுக்கு நான் தாராளமாக மார்க் போடுவேன். கோவிஷீல்டு குப்பியில் 10 டோஸ், ஒன்று 0.5 மில்லி. ஊசியில் தங்கி வீணாவதை ஈடுகட்ட கொஞ்சம் கூடுதலாக நிரப்பியிருப்பார்கள். காற்றுக்குமிழி விடாமல், அளவு பிசகாமல் இழுத்தால் 11-வது டோஸ் கிடைக்கும், சிலசமயம் 12-வதும். இரண்டு குப்பியின் மிச்சத்தைச் சேர்த்து ஒன்றாக்குவது மட்டும் கூடாது. கேரள நர்ஸுகள் இதைச் சாதித்துக் காட்டினார்கள்: 2021 மே முதல் வாரம் வரை வந்தது 73,38,806 டோஸ், போட்டது 74,26,164. அதே வருஷம் ஏப்ரல் 11 வரையிலான கணக்கில் தமிழ்நாட்டில் வீணானது 12.1 சதவீதம். கை திறமைக் குறைவு என்று இதைச் சொல்லிவிட முடியாது. குப்பியைத் திறந்தால் 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆரம்பத்தில் தமிழ்நாட்டில் ஊசிக்கு ஆளே வரவில்லை. மூன்று மணிக்கு மூன்று பேர் வந்தால் திறப்பதா, திருப்பி அனுப்புவதா? திறந்தால் ஏழு டோஸ் வீண், அனுப்பினால் அந்த மூவரும் மறுபடி வரமாட்டார்கள்.

எல்லையில் இதற்கு விடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கோவின் குடியிருப்பு முகவரி கேட்கவில்லை; எந்த மாநிலத்திலும் போட முடிந்தது. சாயங்காலம் மிச்சமாகிற டோஸுக்கு அந்தப் பக்கத்து ஆஷா ஒர்க்கருக்கு (ஊர் சுகாதாரப் பணியாளர்) ஒரு போன் போட்டிருந்தால் ஏழு பேர் வந்திருப்பார்கள். அதற்கான ஏற்பாடு யாரிடமும் இல்லை. தமிழ்நாடு செப்டம்பர் 12-ல் தொடங்கிய மெகா முகாம்கள் ஞாயிற்றுக்கிழமை நடந்தவரை எல்லைக்காரர்களுக்கு வசதி. கறி தின்ன முடியாது, குடிக்க முடியாது என்று ஜனங்கள் ஞாயிறு வர மறுத்ததால் அக்டோபரில் சனிக்கு மாற்றினார்கள். சனி வேலை நாள். கூலிக்காரனுக்கு அந்தக் கதவும் பாதி சாத்தியது.

அடுத்து சான்றிதழ்ச் சிக்கல். முதல் டோஸ் கொழிஞ்சாம்பாறையில் வீட்டு நம்பரிலும், இரண்டாவது பொள்ளாச்சி முகாமில் மேஸ்திரி போன் நம்பரிலும் பதிவானால், கோவின் கண்ணுக்கு அது இரண்டு ஆளாகத் தெரிந்தது. இரண்டு பேருக்கும் முதல் டோஸ் சான்றிதழ்தான் வந்தது. அடையாள அட்டை மாறினாலும் இதே வினை: ஒன்றில் ‘எம். கந்தசாமி’, இன்னொன்றில் ‘கந்தசாமி எம்’. சரிசெய்ய, கோவினில் ‘ரைஸ் அன் இஷ்யூ’ போய் இரண்டு முதல் டோஸ் சான்றிதழை இணைக்கக் கேட்க வேண்டியிருந்தது. பெயர், பிறந்த வருஷம், பாலினம் திருத்தவும் வழி இருந்தது, ஆனால் யோசித்து ஒரே தடவையில் திருத்த வேண்டியிருந்தது. ஓடிபி எந்த நம்பருக்கு வரும் என்று தெரியாமல் நின்றவர்கள்தான் அதிகம்.

அடுத்த தொற்று வரும்போது இரண்டு மாவட்ட ஆட்சியர்கள் செக்போஸ்ட்டில் கைகுலுக்கினால் போதாது. தினசரி போய்வருபவர்களுக்கு முதலாளி கையெழுத்தும் பஞ்சாயத்து முத்திரையும் உள்ள 30 நாள் பாஸ். வாரம் ஒருமுறை செக்போஸ்ட்டிலேயே இலவச ஆன்டிஜன் டெஸ்ட். ஒரு டோஸ் போட்டு மூன்று வாரம் ஆனால் அனுமதி. விதி அமலாகும் முன் ஏழு நாள் அவகாசம், அறிவிப்பு தமிழிலும் மலையாளத்திலும். இவ்வளவும் நடக்க முதலில் வேண்டியது பட்டியல்: வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை, முதலமடை பஞ்சாயத்துகளில் தினம் எல்லை தாண்டுகிறவர் யார், எந்த வழி, எந்த வேலை, எந்த போன் நம்பர். நோய் வந்த பிறகு இதை எடுக்க முடியாது. வார்டு வாரியாக ஆஷா ஒர்க்கர்களை வைத்து இப்போதே எடுக்கலாம், அடுத்த கிராமசபையில் தீர்மானமாகவே கேளுங்கள்.