செங்காந்தள் காய்ந்தால் தண்ணீரைக் கூட்டாதீர்கள்

ஒருவர், "செங்காந்தள் கொடி மஞ்சளாகிக் காய்ந்தால் தண்ணீர் பத்தவில்லை என்று அர்த்தம், தினமும் ஊற்றுங்கள்" என்கிறார். பூவும் காயும் முடிந்தபின் காய்கிறதென்றால் அது தாகமில்லை, கிழங்கு உறங்கப் போகிறது. அப்போது ஊற்றினால் அழுகிவிடும். தண்ணீரை நிறுத்தி, தொட்டியை மழை படாத இடத்தில் வையுங்கள். ஜூன், ஜூலை வாக்கில் தளிர் வரும், அப்புறம் ஊற்றலாம்.

அவசரப்பட்டுக் கிளறவும் வேண்டாம். கிழங்கு பெரும்பாலும் 'வி' வடிவில் இருக்கும். முளை அதன் நுனியில்தான். எளிதில் ஒடியும், நுனி போனால் அந்தத் துண்டு முளைக்காது.

கையுறை போட்டே தொடுங்கள். கோல்சிசின் என்ற கடும் நஞ்சு அதில் உண்டு. வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு இறந்தவர்களும் இருக்கிறார்கள்.